தண்ணிக்கு வழி விட்டுட்டு அப்புறமா சுவர் கட்டுங்க சாமி!

முதல்லயே டிஸ்கி: நான் சிவில் இன்ஜினியர் இல்லை. படிச்சது எலெக்ட்ரானிக்ஸ், பொழப்பு பொட்டி தட்டறது. ஆனா சொந்த ஊரு கோத்தகிரிப் பக்கம். நடை பழகினதே சரிவுலதான். எங்க வீட்டுத் தோட்டத்துல ரெண்டரை அடி உயரத்துக்கு ஒரு கல்லுச் சுவரை, மேஸ்திரி அண்ணன் ஒருத்தர் பக்கத்துல நின்னு சொல்லிக் கொடுக்க, நானே கல்லு தூக்கி அடுக்கியிருக்கேன். அந்தத் தகுதியில இந்தப் பதிவு. வலைப்பதிவுல எதை எழுதினாலும் ஜல்லி அடிக்கிறான்னு சொல்ல நாலு பேர் வருவாங்க. இது நிஜமாவே ஜல்லி பத்தின பதிவு. அதனால இந்தத் தடவை அவங்க சொல்றது உண்மைதான் :-)

விஷயத்துக்கு வர்றேன்.

நம்ம பொட்டி தட்டுற கூட்டத்துல இப்ப மலைப்பக்கம் அஞ்சு சென்ட், பத்து சென்ட்னு இடம் வாங்கிப் போடறது ஒரு வியாதி மாதிரி பரவியிருக்கு. கோத்தகிரி, கொடைக்கானல், ஏற்காடு, ஏலகிரின்னு எங்கேயோ ஒரு சரிவுல ஒரு துண்டு. வாங்கட்டும், தப்பில்லை. ஆனா வாங்கினதும் செய்யற முதல் காரியம் என்ன தெரியுமா? இடத்தைத் தட்டையாக்கறது. மலை வேணும்னு காசு கொடுத்து வாங்கிட்டு, அடுத்த மாசமே அதை மாம்பலத்து மனை மாதிரி ஆக்கணும்னு மண்ணை வெட்டறாங்க. புல்தரை போடணும், நாற்காலி போடணும், பார்பிக்யூ வைக்கணும். வெட்டின மண்ணு நிக்கணுமே, அதுக்கு மேல் பக்கம் ஒரு தடுப்புச் சுவர், கீழ்ப் பக்கம் ஒரு தடுப்புச் சுவர்.

அந்தச் சுவரைப் பத்திக் கேட்டா, இதுவரைக்கும் எனக்குக் கிடைச்சது மூணே மூணு பதில்தான்.

1. "சிமெண்டு நல்லா கொட்டிப் போட்டாச்சு பாஸ், நூறு வருஷத்துக்கு அசையாது."
2. "வீடியோ பார்த்தேன், ரெண்டு நாள் வேலைதான், லீவு போட்டு நானே கட்டிடுவேன்."
3. "அதெல்லாம் இன்ஜினியர் சமாச்சாரம், காண்ட்ராக்டர் பார்த்துப்பாரு, நமக்கெதுக்கு?"

மூணுமே தப்புங்கறதுதான் என் கட்சி. முதல் ஆளுக்கு எதிரி யாருன்னே தெரியலை. ரெண்டாவது ஆளுக்கு வேலையோட அளவு தெரியலை. மூணாவது ஆளுக்கு அது தன்னோட பொறுப்புன்னு தெரியலை. ஒவ்வொண்ணா பார்ப்போம்.

*சுவரைத் தள்றது யாரு?*

மண்ணுன்னு சொல்வீங்க. பாதிதான் சரி.

கொஞ்சம் கணக்கு பார்க்கலாம், பயப்படாதீங்க. சுவத்துக்குப் பின்னால நிக்கிற மண்ணு சுவரை எவ்வளவு தள்ளும்னு முதல்ல ஒழுங்கா கணக்குப் போட்டவர்கள்ல ஒருத்தர் கூலும். ஆமாம், பிளஸ் டூ இயற்பியல்ல ரெண்டு மின்னூட்டத்துக்கு நடுவுல விசை கண்டுபிடிச்சு நம்ம உயிரை எடுத்தாரே, அதே கூலும்தான். ஆளு அடிப்படையில பிரெஞ்சு ராணுவத்துப் பொறியாளர். மார்டினிக் தீவுல கோட்டை கட்டற வேலையில பல வருஷம் கிடந்துட்டு, ஊர் திரும்பினப்புறம் 1773-ல பாரிஸ் அறிவியல் கழகத்துல மண்ணழுத்தம் பத்தி ஒரு கட்டுரை படிச்சார். அப்புறம் 1857-ல ரேங்கின் அதை இன்னொரு வழியில எளிமையாக்கினார். இன்னிக்கும் கல்லூரியில இந்த ரெண்டு பேரைத்தான் படிக்கறாங்க.

அந்தக் கணக்குப்படி, ஈரமில்லாத சாதாரண மண்ணு 1 மீட்டர் உயரத்துக்கு நின்னா, சுவரோட ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் சுமார் 300 கிலோ எடை தள்ற மாதிரி தள்ளும். சரி, இருக்கட்டும். உயரத்தை 2 மீட்டர் ஆக்கினா? 600 இல்லீங்க, 1200. உயரம் ரெண்டு மடங்கானா தள்ளுற விசை நாலு மடங்கு. சுவரைக் குப்புறத் தள்ளுற திருப்புவிசை எட்டு மடங்கு. "மூணு அடி நல்லா நிக்குது, இன்னும் மூணு அடி ஏத்திக்கலாம்"னு சொல்றவங்க இந்த எட்டை ஒரு தாள்ல எழுதி ஃப்ரிட்ஜுல ஒட்டிக்கணும்.

இது வரைக்கும் காய்ஞ்ச மண்ணு. இப்ப ஐப்பசி மழை பிடிக்குது. தண்ணி இறங்கி சுவத்துக்குப் பின்னால தேங்குது. வெளிய போக வழியில்லை. மண்ணு தன்னோட துகளுங்க ஒண்ணோட ஒண்ணு உரசிக்கிறதால பாதிப் பளுவைத் தானே தாங்கிக்கும், அதனாலதான் தள்ளுற விசை குறைவு. தண்ணிக்கு உரசலும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. மொத்தமும் சுவத்து மேலதான் சாயும். 1 மீட்டர் உயரத்துக்குத் தண்ணி நின்னா அது மட்டுமே 500 கிலோ. தண்ணிக்குள்ள முங்கின மண்ணோட பங்கு ஒரு 170 கிலோ. ஆக மொத்தம் 670. வெயில்ல 300 தாங்கின சுவர் மழையில 670 தாங்கணும். ரெண்டு மடங்குக்கு மேல. இதுல மண்ணு ஊறினா அடியில பிடிமானமும் குறையும்.

சுவர் எப்பவும் மழையில விழறதுக்குக் காரணம் இதுதான். "நல்லாத்தானே நின்னுச்சு, திடீர்னு விழுந்துடுச்சு"ன்னு சொல்றாங்க பாருங்க, அதுல திடீர்னு ஒண்ணும் இல்லை. கட்டின அன்னிக்கே தேதி குறிச்சாச்சு, மழை வர்றதுக்குத்தான் காத்திருந்துச்சு.

எங்க மேஸ்திரி அண்ணன் கூலுமைப் படிச்சவர் இல்லை. அவர் சொன்னது ஒரே வரி: "தம்பி, செவுரு மண்ணுக்குத்தான் அணை, தண்ணிக்கு வாசலுங்க." இருநூத்தம்பது வருஷத்துக் கணக்கு இந்த ஒரு வரியில முடிஞ்சுது.

*ஓட்டையை அடைக்கிற புண்ணியவான்கள்*

சுவத்துல தண்ணி வெளிய வர்றதுக்கு ஓட்டை விடறது ஒண்ணும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. நெடுஞ்சாலையில மலைப்பாதையோரச் சுவத்துல வரிசையா குழாய் நீட்டிக்கிட்டு இருக்கும், பார்த்திருப்பீங்க. வீப் ஹோல்னு சொல்வாங்க. ஒன்றரை, ரெண்டு மீட்டருக்கு ஒண்ணு, மூணு இஞ்ச் பிவிசி குழாய், வெளிப்பக்கம் கொஞ்சம் சரிவா. அவ்வளவுதான். அதுக்குப் பின்னால ஒரு அடி அகலத்துக்கு ஜல்லி, அப்பத்தான் மண்ணு வந்து குழாயை அடைக்காது.

இதைச் சொன்னா நம்ம ஆளுங்க முகம் சுளிக்கிறாங்க. "ஓட்டை ஓட்டையா அசிங்கமா இருக்கும்", "செம்மண் தண்ணி வழிஞ்சு பெயிண்டு கறையாகும்", "பாம்பு பூந்துடும்." எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்டுல குழாய் எல்லாம் ஒழுங்கா வெச்சுத்தான் கட்டினாங்க. கிரகப்பிரவேசத்துக்கு முந்தின வாரம், பெயிண்டு அடிக்க வந்த காண்ட்ராக்டர், பார்க்க நல்லா இருக்கட்டும்னு எல்லா வாயையும் சிமெண்டு வெச்சுப் பூசிட்டார். மேல ஓவியம் மாதிரி வெள்ளை அடிச்சார். வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். ரெண்டாவது கார்த்திகையில சுவர் நடுவுல வயிறு தள்ளி, ஒரு ராத்திரியில ரோஜாச் செடியோட கீழே வந்துடுச்சு. கீழே ஆள் யாரும் இல்லை, கடவுள் புண்ணியம்.

நம்ம பாஷையில சொல்லணும்னா, எர்ரர் மெசேஜ் பார்க்க அசிங்கமா இருக்குன்னு எக்ஸெப்ஷனை எல்லாம் பிடிச்சு முழுங்கற கோடு எழுதறோமே, அதேதான் இது. மேனேஜருக்கு ஸ்கிரீன் சுத்தமா தெரியும். உள்ள என்ன நடக்குதுன்னு யாருக்கும் தெரியாது. ஒருநாள் சர்வர் மொத்தமா படுக்கும். செம்மண் கறை வழியற சுவர் வேலை செய்யற சுவர்ங்க. அந்தக் கறையைப் பார்த்து நீங்க நிம்மதியா தூங்கலாம். மழை கொட்டிக்கிட்டிருக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணி வெளிய வராத சுவரைப் பார்த்தாத்தான் பயப்படணும்.

*காரை போடாத சுவர் ஏழைச் சுவரா?*

அடுத்த மூடநம்பிக்கை: சிமெண்டு எவ்வளவோ அவ்வளவு பலம். வெறும் கல்லை அடுக்கிக் கட்டற சுவர்னா அது வசதி இல்லாதவன் கட்டறது, தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுக்காரன் கட்டறது. இதுல கொஞ்சம் நுண்ணரசியலும் இருக்கு, அதை இன்னொரு பதிவுல வெச்சுக்கலாம்.

சிமெண்டு கெட்டதுன்னு நான் சொல்லலை. உயரமான சுவர்னா கம்பி போட்ட கான்கிரீட்தான், அதுவும் ஒழுங்கா வடிவமைச்சது. நான் பேசறது தோட்டத்துல மூணு அடிக்குள்ள, முதல் தடவை கட்டற ஆளு கட்டற சுவரைப் பத்தி. அந்த அளவுக்குக் காரை இல்லாத கல்லடுக்குதான் சிறந்ததுன்னு அடிச்சுச் சொல்வேன். காரணம் மூணு.

ஒண்ணு, கல்லுக்கு நடுவுல இருக்கிற ஒவ்வொரு இடுக்கும் ஒரு வீப் ஹோல். எந்தப் பெயிண்டுக்காரரும் வந்து அடைக்க முடியாது.

ரெண்டு, அது விழறதுக்கு முன்னாடி சொல்லும். மண்ணு அசைஞ்சா கல்லும் கூட அசையும், வயிறு தள்ளும், உங்க கண்ணுக்குத் தெரியும், பிரிச்சு மறுபடி அடுக்கலாம். காரை போட்ட சுவர் விறைப்பா நிக்கும், நிக்கும், ஒருநாள் விரிசல் விட்டு மொத்தமா சாயும்.

மூணு, தப்பா வெச்ச கல்லை எடுத்து வேற கல்லு வைக்கலாம். புதுசா கத்துக்கறவனுக்கு இதை விட என்ன வேணும்? கான்கிரீட்டுல அன்டூ பட்டன் கிடையாது.

"அதெல்லாம் பழைய காலம்"னு சொல்றவங்களுக்கு ரெண்டு தகவல். காரையில்லாம கல் அடுக்கற கலையை 2018-ல யுனெஸ்கோ மனித குலத்தோட பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்துச்சு. கேட்டது கிரீஸ், இத்தாலி, பிரான்ஸ், ஸ்பெயின், சுவிட்சர்லாந்துன்னு எட்டு நாடுங்க. அது வெள்ளைக்காரன் பெருமை, விடுங்கன்னா, நம்ம இந்தியத் தர நிர்ணய அமைவனமே மலைப்பகுதித் தடுப்புச் சுவருக்குன்னு ஐ.எஸ். 14458னு ஒரு தரநிலை வெச்சிருக்கு. அதோட மூணாவது பாகம், 1998-ல வந்தது, முழுக்க காரையில்லாத கல்சுவர் கட்டறது எப்படிங்கறது பத்தித்தான். அரசாங்கம் தரநிலை எழுதற அளவுக்கு மதிப்பான வேலையை நாம "சும்மா கல்லை அடுக்கி வெச்சிருக்கான்"னு சொல்லிக்கிட்டுத் திரியறோம்.

*ரெண்டு நாள் வீடியோ*

வீடியோ பார்த்துக் கட்டறவங்க மேல எனக்குக் கோபம் இல்லை. ஆர்வம் நல்லது. என் கோபம் அந்த வீடியோக்கள் மேல. சனிக்கிழமை காலையில குழி, ஞாயித்துக்கிழமை சாயந்திரம் பூச்செடி. பின்னணியில கிடார். அதுல பாதி, அமெரிக்காவுல கடையில விக்கிற ஒரே அளவுக் கான்கிரீட் கட்டிகளை அடுக்கறது. நம்மகிட்ட இருக்கிறது லாரியில வந்து கொட்டற கோணல்மாணல் கருங்கல்லு.

வேலையோட அளவைப் பார்ப்போம். 20 அடி நீளம், வெளிய தெரியற உயரம் 3 அடி, மண்ணுக்குள்ள 1 அடி. ஆக 4 அடி. அடியில அகலம் உயரத்துல பாதி, அதாவது 2 அடி. மேல வர வர முன்பக்கம் அடிக்கு ரெண்டு இஞ்ச் உள்வாங்கணும், அப்ப உச்சியில 16 இஞ்ச். பெருக்கிப் பாருங்க, சுமார் 135 கன அடி. நம்ம ஊர் கணக்குல 100 கன அடி ஒரு யூனிட். கழிவோட சேர்த்தா ஒன்றரை யூனிட் கல்லு. பின்னால போட முக்கால் யூனிட் ஜல்லி. சுவத்துக்குப் போற கல்லோட எடை மட்டும் ஏறக்குறைய 8 டன். ஒவ்வொரு கல்லையும் ஒரு தடவையா தூக்குவீங்க? லாரி கொட்டின இடத்துல இருந்து ஒரு தடவை, வெச்சுப் பார்த்து உட்காராம எடுக்கறது ரெண்டு தடவை. 24 டன்! கீபோர்டைத் தவிர வேற எதையும் அமுக்கிப் பழகாத கை இதை ரெண்டு நாள்ல செய்யாது. எங்க வீட்டு ரெண்டரை அடிச் சுவத்துக்கு ஒன்பது நாள் ஆச்சு, அதுவும் விட்டு விட்டு. ரெண்டு நாள்ல முடிக்கணும்னு உட்கார்ந்தா எதை விடுவீங்கன்னு எனக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாததைத்தான் விடுவீங்க. கடக்காலும் பின்னால போடற ஜல்லியும் காணாமப் போகும். பூச்செடி மட்டும் டைமுக்கு வந்துடும்.

*சரிடா, எப்படித்தான் கட்டறது?*

திட்டிக்கிட்டே இருந்தா மொக்கைப் பதிவாயிடும். அதனால சுருக்கமா:

அ) மொதல்ல மழையில குடை பிடிச்சுக்கிட்டுப் போய் இடத்தைப் பாருங்க. தண்ணி எங்கிருந்து வருது, எங்க போகுதுன்னு. பாதிப் பேருக்கு இந்த வேலையிலயே சுவர் எங்க வரக் கூடாதுன்னு தெரிஞ்சுடும். மேல இருந்து வர்ற தண்ணியை சுவத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி ஓரமா திருப்பி விடணும். ஆனா பக்கத்து வீட்டுக்காரர் தலையில திருப்பாதீங்க.

ஆ) ஒரே ஆறு அடிச் சுவரை நினைக்கவே நினைக்காதீங்க. ரெண்டு மூணடிச் சுவரா படிப்படியா போடுங்க. ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி, கீழ்ச் சுவர் உயரத்தைப் போல ரெண்டு மடங்காவது. நெருக்கி வெச்சா மேல் சுவத்தோட பாரம் கீழ்ச் சுவத்து மேல ஏறும், அது பேருக்குத்தான் ரெண்டு சுவர்.

இ) வேலையைத் தை, மாசி, பங்குனியில வெச்சுக்குங்க. நீலகிரியில ஆனியில ஒரு மழை, ஐப்பசியில ஒரு மழை. நடுவுல கிடைக்கிற காய்ஞ்ச காலம்தான் மண்ணு வெட்டறதுக்கு. வெட்டறதையும் மொத்த நீளத்துக்கு வெட்டிப் போட்டுட்டு கல்லுக்குக் காத்திருக்காதீங்க. அன்னன்னிக்கு எவ்வளவு அடுக்க முடியுமோ அவ்வளவு வெட்டுங்க. செங்குத்தா வெட்டாம சாய்வா வெட்டுங்க. வெட்டின மண்ணை மேல விளிம்புல குமிச்சு வைக்காதீங்க.

ஈ) கடக்கால் கெட்டி மண்ணுல உட்காரணும், கொட்டின மண்ணுல இல்லை. அடித்தளம் மலைப்பக்கம் லேசா சாய்ஞ்சிருக்கணும். பெரிய கல்லு எல்லாம் அடியில.

உ) ஒரு கல்லு ரெண்டு கல்லு மேல உட்காரணும். கீழ இருந்து மேல வரைக்கும் ஒரே நேர்கோட்டுல இடுக்கு வந்தா சுவர் அங்கதான் பிளக்கும். கல்லோட நீளப்பக்கம் உள்ள போகணும். அழகான முகம் தெரியட்டும்னு பலகை மாதிரி நிறுத்தி வெச்சா அது சுவர் இல்லை, சீட்டுக்கட்டு. நாலு அடிக்கு ஒண்ணு, சுவத்தோட முழு அகலத்துக்கும் போற நீளக் கல்லு வைங்க. நடுவுல விழற இடுக்கை சில்லுக்கல் வெச்சு இறுக்குங்க, மண்ணைக் கொட்டி நிரப்பாதீங்க.

ஊ) ஒவ்வொரு வரிசை ஏற ஏற, பின்னால ஒரு அடி அகலத்துக்கு ஜல்லி. ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவுல ஜியோ டெக்ஸ்டைல் துணி. இல்லேன்னா ரெண்டு மழையில மண்ணு புகுந்து ஜல்லியை அடைச்சுடும். அதுக்குப் பின்னால மண்ணை அரை அடி அரை அடியாப் போட்டு திமிசு வெச்சு இடிக்கணும். களிமண் வேண்டாம், அது தண்ணியை விடாது.

எ) சுவத்துக்கு மேல கார் நிறுத்தாதீங்க, தண்ணித்தொட்டி வைக்காதீங்க. 1000 லிட்டர்னா ஒரு டன். மூணடிச் சுவர்னு நீங்க போட்ட கணக்கு அந்த நிமிஷத்தோட காலி. அதுக்குப் பதிலா மேல் சரிவுல வெட்டிவேர் நடுங்க. வேரு ரெண்டு மூணு மீட்டர் ஆழத்துக்கு இறங்கி மண்ணைப் பிடிச்சுக்கும்.

*அப்ப இன்ஜினியர் எதுக்கு?*

இந்த இடத்துல எதிர்க்கட்சி ஒண்ணு இருக்கு. "தெரியாத வேலையில கை வைக்காதே, எதுவா இருந்தாலும் இன்ஜினியரைக் கூப்பிடு"ன்னு சொல்ற கட்சி. கேட்க நல்லாருக்கும். ஆனா ரெண்டடித் தோட்டச் சுவத்துக்கு எந்த இன்ஜினியரும் வர மாட்டார்ங்கறதுதான் நடைமுறை. அதனால என்ன ஆகுது? யாருக்குமே தெரியாம, யாருமே யோசிக்காம, காண்ட்ராக்டர் கையில ஒப்படைச்சாச்சு. தன் கையால ஒரு ரெண்டடிச் சுவர் கட்டிப் பார்த்தவனுக்குத்தான், ஆறடிச் சுவத்துக்கு காண்ட்ராக்டர்கிட்ட என்ன கேள்வி கேட்கணும்னு தெரியும். "ஜல்லி எங்கே அண்ணா? குழாய் எங்கே?" இந்த ரெண்டு கேள்வி கேட்கத் தெரிஞ்ச வீட்டுக்காரர் இருந்தா பாதிச் சுவர் விழாது.

ஆனா கோடு எங்க போடணும்? என் கோடு 3 அடி. அமெரிக்காவுல வீடு கட்டற மாதிரி விதி, கடக்காலோட அடியில இருந்து அளந்து 4 அடிக்கு மேல போனா அனுமதி வாங்குன்னு சொல்லுது. மேல பாரம் இருந்தா அந்த 4 அடிச் சலுகையும் கிடையாது. இதுல கவனிக்க வேண்டியது "கடக்காலோட அடியில இருந்து"ங்கறது. மேல சொன்ன என் கணக்குல 3 அடி வெளிய, 1 அடி உள்ள. ரெண்டும் ஒண்ணுதான். அதைத் தாண்டினாலோ, மேல வீடோ ரோடோ இருந்தாலோ, கீழே ஆள் புழங்கினாலோ, தயவுசெய்து படிச்ச ஆளைக் கூப்பிடுங்க. நீலகிரியில மண்ணள்ளுற எந்திரம் இறக்கறதுக்கே மாவட்ட நிர்வாகத்தோட அனுமதி வேணும். அது அதிகாரிகள் உங்களைத் தொல்லை பண்றதுக்குப் போட்ட விதி இல்லை. 2009 நவம்பர் மழையில இந்த மாவட்டத்துல நூத்துக்கணக்கான இடத்துல மண்ணு சரிஞ்சு நாப்பது பேருக்கு மேல செத்தாங்க. அப்ப நான் பள்ளிக்கூடத்துல படிச்சுக்கிட்டிருந்தேன். எங்களுக்கு லீவு விட்டது சந்தோஷமா இருந்துச்சு, ஏன் விட்டாங்கன்னு பெரியவங்க பேசிக்கிட்டதைக் கேட்கிற வரைக்கும்.

*என் நிலம், என் சுவர்?*

கடைசியா, இந்தப் பதிவை எழுத வெச்ச வாக்கியத்துக்கு வர்றேன். "என் நிலம், என் காசு, என் சுவர், விழுந்தா எனக்குத்தானே நஷ்டம்?" நண்பர் ஒருத்தர் சாதாரணமாத்தான் சொன்னார். எனக்குத்தான் அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை.

2019 டிசம்பர் 2, விடியறதுக்கு முன்னாடி. மேட்டுப்பாளையம் பக்கத்துல நடூர். ராத்திரி முழுக்க மழை. மேட்டுல இருந்த ஒரு வீட்டோட உயரமான கல் சுற்றுச்சுவர், கீழே இருந்த தலித் குடும்பங்களோட வீடுங்க மேல விழுந்துச்சு. 17 பேர். தூக்கத்துலயே. அது தீண்டாமைச் சுவர்னு சொல்லிப் போராட்டம் நடந்துச்சு. சுவத்துக்கு மேல் பக்கம் யாரு, கீழ்ப் பக்கம் யாருங்கறது நம்ம ஊர்ல தற்செயலா அமையறது இல்லைங்கறதை மறுக்க முடியுமா? சுவரோட சொந்தக்காரர் உயிரோட இருந்தார். நஷ்டம் யாருக்கு?

2024 பிப்ரவரி 7. ஊட்டி பக்கத்துல லவ்டேல். வீடு கட்டறதுக்கு மண்ணு வெட்டிக்கிட்டிருந்த இடத்துல, மேல இருந்த பழைய கட்டடம் சரிஞ்சு விழுந்து வேலை பார்த்துக்கிட்டிருந்த 6 பெண்கள் செத்துப் போனாங்க. அன்னிக்குக் கூலிக்கு வந்தவங்க. அவங்க நிலமும் இல்லை, அவங்க வீடும் இல்லை. நஷ்டம் யாருக்கு?

தடுப்புச் சுவர்ங்கறது எப்பவுமே கீழே இருக்கறவன் மேலதான் விழும். மேல இருக்கறவன் மேல விழற தடுப்புச் சுவரை இதுவரை யாரும் கட்டலை. அதனால அது உங்க தோட்டத்து அலங்காரம் இல்லை, கீழே தூங்கறவங்களுக்கு நீங்க கொடுக்கிற உத்தரவாதம். தெரு முனையில கட்டற திண்ணைக்கும் இதுக்கும் அந்த வித்தியாசம்தான்.

இவ்வளவுக்கும் அப்புறம் "அப்ப சுவரே வேணாமா"ன்னு கேட்கறவங்களுக்கு: பல இடத்துல வேணாம். சரிவைச் சரிவாவே விடுங்க. செடி சரிவுல வளரும். பூண்டுல இருந்து தேயிலை வரைக்கும் சரிவுலதான் வளருது. நாற்காலி போட ஒரு எட்டடி இடம் போதும், அதுக்கு ஒரு ரெண்டடிச் சுவர் போதும். வெட்டாத மண்ணுக்குத் தடுப்புச் சுவர் தேவையே இல்லை. காண்ட்ராக்டர் யாரும் இதை உங்களுக்குச் சொல்ல மாட்டார், ஏன்னா இதுல அவருக்குப் பில் போட ஒண்ணும் இல்லை.

வேணும்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா, சின்னதா கட்டுங்க, மெதுவா கட்டுங்க, கல்லை வாங்கறதுக்கு முன்னாடி தண்ணி போற வழியை முடிவு பண்ணுங்க. வழி கிடைக்கலைன்னா அந்த இடத்துல சுவர் கட்டாதீங்க. ஏற்கெனவே கட்டிட்டீங்கன்னா, அடுத்த மழையில குடையோட போய் ஓட்டையில தண்ணி வருதான்னு பாருங்க. வரலைன்னா குச்சி விட்டுக் குத்துங்க. அப்பவும் வரலைன்னா, கீழே இருக்கறவங்களை எழுப்பி வெளிய கூட்டிட்டு வந்துட்டு, அப்புறம் ஆளைத் தேடுங்க.

பி.கு. 1: சிவில் படிச்ச பதிவர்கள் கணக்குல ஏதாவது உதைச்சா பின்னூட்டத்துல வந்து உதைக்கவும். மண்ணோட எடை ஒரு கன மீட்டருக்கு 1800 கிலோ, உராய்வுக் கோணம் 30 டிகிரின்னு வெச்சுப் போட்டது. உங்க மண்ணு வேற மாதிரி இருந்தா எண்ணு மாறும், தண்ணிக் கதை மாறாது.

பி.கு. 2: எதிர்ப்பதிவு போடறவங்க தாராளமா போடலாம். ஒரே ஒரு நிபந்தனை, உங்க சுவத்தோட ஓட்டையைப் போட்டோ எடுத்துப் போடணும் :-)